மாநில அரசின் கணக்கைப் பார்ப்பவர் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாவட்ட அலுவலகம் ஒன்றில் பில் செக்‌ஷனில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். ஆடிட் பார்ட்டி வரும் நாட்களில் மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள். ஓய்வுபெற்ற பிறகு, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் இன்னும் பணியில் இருக்கும் பழைய சகாக்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

தமிழ்நாடு அரசின் கணக்கைத் தணிக்கை செய்பவரைத் தமிழ்நாடு அரசுதானே நியமிக்கிறது?

இல்லை. பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அமைச்சர், செயலர், கலெக்டர், தாசில்தார் என்று மேலிருந்து கீழே ஒரு வரிசை மனதில் இருப்பதால், ஆடிட்டரும் அந்த வரிசையில் எங்கோ இருப்பார் என்று நினைத்துவிடுகிறோம். அவர் அந்த வரிசையிலேயே இல்லை.

இந்தியாவில் மத்திய அரசுக்கும் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து ஒரே தலைமைத் தணிக்கையாளர்தான். இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர், சுருக்கமாக சிஏஜி. அரசியலமைப்பின் 148ஆம் பிரிவு அவரது பதவியையும், 149 முதல் 151 வரையான பிரிவுகள் அவரது வேலையையும் சொல்கின்றன. மாநிலத்தில் அவருக்காக இந்த வேலையைச் செய்பவர் மாநிலக் கணக்காயர். அவரைத்தான் நாம் ‘ஏஜி’ என்கிறோம். சம்பளம், இடமாற்றம், பதவி உயர்வு என எதற்கும் அவர் கோட்டையைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. செலவு செய்பவரே செலவைச் சரிபார்ப்பவரையும் பொறுக்கி எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தால், ஏன் இப்படி வைத்தார்கள் என்பது விளங்கும்.

அப்படியானால் சிஏஜியை யார் நியமிக்கிறார்கள்?

குடியரசுத் தலைவர், தன் கையொப்பமும் முத்திரையும் இட்ட ஆணையின் மூலம். நடைமுறையில் மத்திய அரசு சொல்லும் பெயர்தான் அது. பதவிக்காலம் 6 ஆண்டு அல்லது 65 வயது, எது முந்துகிறதோ அது. இப்போது பதவியில் இருக்கும் கே. சஞ்சய் மூர்த்தி 2024 நவம்பரில் பொறுப்பேற்றார்.

தகுதி என்ன என்று தேர்வுக்குப் படிப்பவர்கள் கேட்பார்கள். கணக்குப் படித்திருக்க வேண்டும் என்றோ தணிக்கை அனுபவம் வேண்டும் என்றோ அரசியலமைப்பில் ஒரு வரிகூட இல்லை. தேர்வுக் குழுவும் கிடையாது. 1978 முதல் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோருமே ஐ.ஏ.எஸ். அதிகாரிகள். நேற்று வரை ஒரு அமைச்சகத்தின் செயலராக இருந்து கோப்பில் கையெழுத்துப் போட்டவர், நாளை அதே கோப்பைத் தணிக்கை செய்யும் துறைக்குத் தலைவராகிறார். இது எனக்கு எப்போதும் உறுத்தும். தனிக் குழு அமைத்துத் தேர்வு செய்ய வேண்டும் என்று கோரும் பொதுநல வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

பிடிக்காத அறிக்கை கொடுத்தால் அவரை நீக்கிவிட முடியாதா?

உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் அதே வழியில்தான் நீக்க முடியும். நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும். பதவியில் இருக்கும்போது அவரது சம்பளத்தை, பாதகமாகும்படி மாற்ற முடியாது. அவரது அலுவலகச் செலவு இந்தியத் தொகுப்பு நிதியின் மீது சுமத்தப்பட்டது. ஓட்டெடுப்பில் அதை வெட்ட வழியில்லை. ஓய்வுக்குப் பிறகு மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவி ஏற்கவும் கூடாது.

இந்தக் கடைசி விதியில் ஒரு சந்து உண்டு. 1984 முதல் 1990 வரை சிஏஜியாக இருந்த டி.என். சதுர்வேதி பிறகு மாநிலங்களவை உறுப்பினரானார், கர்நாடக ஆளுநரும் ஆனார். ஆளுநர் பதவி என்பது அரசாங்கத்தின் கீழ் வரும் வேலை இல்லை என்று 1979இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததால் அதற்குத் தடை இருக்கவில்லை. 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், அரசியலமைப்பிலேயே மிக முக்கியமான அதிகாரி இவராகத்தான் இருப்பார் என்ற பொருளில் பேசினார். அவ்வளவு பெரிய நாற்காலிக்கு இந்த ஓட்டையையும் அடைத்திருக்கலாம்.

மாநிலக் கணக்காயர் எப்படி அந்த இடத்துக்கு வருகிறார்?

குடிமைப் பணித் தேர்வு எழுதி, இந்தியத் தணிக்கை மற்றும் கணக்குப் பணியில் சேர்ந்து, சிம்லாவில் உள்ள தேசிய அகாடமியில் பயிற்சி முடித்து, துணைக் கணக்காயராகத் தொடங்கிப் படிப்படியாக மேலே வருபவர். எந்த மாநிலத்துக்கு யார் என்பதை முடிவு செய்வது சிஏஜி. இன்று சென்னை, மூன்று வருடம் கழித்து வேறொரு மாநிலம் என்று மாறிக்கொண்டிருப்பார்கள். ஐ.ஏ.எஸ். போல ‘தமிழ்நாடு கேடர்’ என்று அவர்களுக்கு ஒன்று கிடையாது.

தேனாம்பேட்டை ஏஜி ஆபீசில்தானே எங்கள் பென்ஷன் கோப்பு இருக்கிறது? அவர்களேதான் தணிக்கையும் செய்கிறார்களா?

அண்ணா சாலையில் ஒரே வளாகம், ஆனால் வேறு வேறு அலுவலகங்கள். ஒன்று ‘கணக்கு மற்றும் உரிமைகள்’ பிரிவு. கருவூலங்களிலிருந்து வரும் மாதக் கணக்கைத் தொகுப்பது, அரசு ஊழியர்களின் ஜிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கை வைத்திருப்பது, ஓய்வூதிய ஆணை வழங்குவது இவர்கள் வேலை. மற்றவை தணிக்கை அலுவலகங்கள்: ஆடிட்-1, ஆடிட்-2 என்று பெயர். புதுச்சேரியும் சென்னையின் பொறுப்பில்தான் வருகிறது. மாநிலங்களில் கணக்கையும் தணிக்கையையும் இப்படித் தனித்தனி அலுவலகங்களாகப் பிரித்தது 1984 மார்ச்சில். ஆகவே உங்கள் ஜிபிஎஃப்பில் விடுபட்ட சந்தாவுக்கும் உங்கள் அலுவலகத்தின் ஆடிட் பாராவுக்கும் (தணிக்கையில் எழுதிவைத்த ஆட்சேபணைப் பத்தி) சம்பந்தம் இல்லை. பாராவை டிராப் செய்யச் சொல்லி ஜிபிஎஃப் செக்‌ஷனுக்குக் கடிதம் எழுதிய ஒரு மேலாளரை எனக்குத் தெரியும்.

எதையெல்லாம் தணிக்கை செய்ய அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது?

1971ஆம் ஆண்டின் சிஏஜி சட்டத்தில் பட்டியல் இருக்கிறது. மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து போகும் ஒவ்வொரு ரூபாயும் அதன் 13ஆம் பிரிவில் வருகிறது. வரி, பத்திரப்பதிவுக் கட்டணம் போன்ற வரவுகள் 16ஆம் பிரிவில். அரசு மானியத்திலோ கடனிலோ பெரும்பகுதி நடக்கும் அமைப்புகள் 14ஆம் பிரிவில். அரசு நிறுவனங்கள் 19ஆம் பிரிவில்.

எல்லா ரூபாயையும் பார்க்க அதிகாரம் உண்டு என்பதற்கு எல்லா ரூபாயையும் பார்க்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை. அலுவலகங்களை அபாயத்தின் அடிப்படையில் தேர்ந்தெடுத்து, அங்கும் சில மாதங்களின் செலவுச்சீட்டுகளைத்தான் துருவுவார்கள். மார்ச் மாதம் மட்டும் பெரும்பாலும் தப்பாது. நிதியாண்டு முடியும் அவசரத்தில் என்னென்ன பில் போடப்படும் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

ஆடிட் பார்ட்டி அலுவலகத்துக்கு வந்தால் உண்மையில் என்ன நடக்கும்?

முன்கூட்டியே கடிதம் வரும். அதில் எடுத்து வைக்க வேண்டிய பதிவேடுகளின் பட்டியல் இருக்கும்: ரொக்கப் புத்தகம், இருப்புப் பதிவேடு, ஒப்பந்தப்புள்ளிக் கோப்புகள், வண்டி லாக் புக், முன்பணப் பதிவேடு. ஒரு மூத்த தணிக்கை அதிகாரியும் உதவித் தணிக்கை அதிகாரிகள் ஓரிருவரும் வருவார்கள். முதல் நாள் அலுவலகத் தலைவரோடு ஒரு கூட்டம். அதன் பிறகு ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

கேள்விகள் எழுத்தில் வரும். எங்கள் காலத்தில் அதற்கு ‘ஹாஃப் மார்ஜின்’ என்று பெயர். தாளை நீளவாக்கில் பாதியாக மடித்து, ஒரு பாதியில் அவர்கள் கேள்வி, மறுபாதியில் நம் பதில். இப்போது ஓஐஓஎஸ் என்ற மென்பொருளில் ஏற்றுகிறார்கள் என்றாலும், பழைய ஆட்கள் வாயில் இன்னும் ஹாஃப் மார்ஜின்தான்.

நான் முதன்முதலில் சந்தித்த கேள்வி ஜீப்பின் டீசல் பற்றியது. லாக் புக்கில் ஒரு நாள் 140 கிலோமீட்டர் ஓடியதாக இருந்தது. அதே நாளில் வண்டி பட்டறையில் நின்றதற்குப் பழுதுபார்ப்பு பில்லும் இருந்தது. இரண்டையும் பாஸ் செய்தவன் நான். தனித்தனியே பார்த்தால் இரண்டுமே ஒழுங்கான காகிதம். அந்த உதவித் தணிக்கை அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் நகர்த்தினார். தணிக்கை என்றால் என்ன என்று அன்றைக்குப் பிடிபட்டது. கூட்டல் சரிதானா என்று பார்ப்பது அதில் சின்ன வேலை. ஒரு காகிதத்தை இன்னொரு காகிதத்தோடு பேசவிடுவதுதான் பெரிய வேலை.

கடைசி நாளில் மீண்டும் ஒரு கூட்டம். அங்கேயே தீர்ந்துபோகும் கேள்விகள் கழிந்துவிடும். மீதியெல்லாம் ஆய்வறிக்கையாக வரும். அதில் பெரிய விஷயங்கள் இரண்டு-ஏ பகுதியிலும் மற்றவை இரண்டு-பி பகுதியிலும் இருக்கும். நான்கு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். சொல்வார்களா என்று கேட்காதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது நிலுவையில் இருந்த ஒரு தணிக்கைத் தடை, நான் ஓய்வுபெறும்போதும் நிலுவையில்தான் இருந்தது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் இறந்துவிட்டார், பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. பாரா மட்டும் சாகவில்லை.

கேட்கும் ஆவணத்தைக் கொடுக்க மறுக்கலாமா?

கூடாது. அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு, கணக்கு சம்பந்தப்பட்ட எந்த அலுவலகத்துக்குள்ளும் நுழையவும், எந்த ஆவணத்தையும் கேட்கவும், பொறுப்பில் இருப்பவரைக் கேள்வி கேட்கவும் அதிகாரம் தருகிறது. ஆனால் கொடுக்காதவருக்கு அந்தச் சட்டத்தில் அபராதமோ தண்டனையோ இல்லை. ‘ஆவணம் தணிக்கைக்குக் காட்டப்படவில்லை’ என்று அறிக்கையில் எழுதுவதுதான் அவர்களால் முடிந்தது. அனுபவம் உள்ள அதிகாரிகள் அந்த ஒரு வரிக்கே பயப்படுவார்கள். மற்றவர்கள் ‘கோப்பு தேடப்பட்டு வருகிறது’ என்று பதில் எழுதிவிட்டுத் தேநீருக்குப் போய்விடுவார்கள்.

விதிப்படி செலவானதா என்று பார்ப்பது சரி. திட்டமே உருப்படியா, அணையை எப்போது திறக்க வேண்டும் என்றெல்லாம் ஆடிட்டர் கேட்கலாமா?

கேட்கலாம். செயல்திறன் தணிக்கை என்று அதற்குப் பெயர். விதிப்படி வாங்கிய இயந்திரம் ஐந்து வருடமாகப் பெட்டி பிரிக்காமல் கிடந்தால், வாங்கியது சரி, பயன் எங்கே என்று கேட்பது. கொள்கை முடிவுகளில் ஆடிட்டர் மூக்கை நுழைக்கக் கூடாது என்று 2012இல் ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். சிஏஜி வெறும் முனீம்ஜி இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. முனீம்ஜி என்றால் நம்மூர் வழக்கில் கணக்குப்பிள்ளை.

தமிழ்நாட்டில் இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம் 2015 டிசம்பர் சென்னை வெள்ளம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து டிசம்பர் 1ஆம் தேதி விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். ஏரி முழுக் கொள்ளளவை எட்டாத நிலையிலேயே அவ்வளவு நீரைத் திறந்ததையும், நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருந்த தனியார் பட்டா நிலங்கள் மூழ்காமல் இருக்க அப்படிச் செய்ததையும் தணிக்கை அறிக்கை சுட்டிக்காட்டியது. மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே அதை வகைப்படுத்தியது. அரசு அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. யார் சரி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஷட்டர் திறந்த நேரமும் நீர்வரத்தும் பதிவேட்டிலிருந்து எடுத்து வரிசையாக வைக்கப்பட்டதால்தான், வதந்தியாக ஓடிக்கொண்டிருந்த ஒன்று எண்களோடு விவாதத்துக்கு வந்தது. ஜீப்புக்கும் ஏரிக்கும் அடிப்படையில் ஒரே முறைதான்.

அந்த அறிக்கை எங்கே போகிறது? ஏன் இவ்வளவு தாமதம்?

151ஆம் பிரிவின்படி மாநில அறிக்கைகளை சிஏஜி ஆளுநரிடம் கொடுப்பார். ஆளுநர் அதைச் சட்டமன்றத்தில் வைக்கச் செய்ய வேண்டும். எத்தனை நாளுக்குள் என்று எங்கும் எழுதவில்லை. ஓட்டை அங்கேதான். நான் சொன்ன வெள்ள அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2018 ஜூலையில். அதற்குள் இரண்டு வடகிழக்குப் பருவமழை போய்விட்டது. பேரவையின் கூட்டத்தொடர் முடியும் நாளில் அறிக்கையை வைத்துவிட்டு ஒத்திவைப்பது பல மாநிலங்களில் எல்லாக் கட்சி ஆட்சியிலும் பார்த்த பழக்கம். அவையில் விவாதம் வராது. மறுநாள் பத்திரிகையில் ஒரு பக்கம் வரும்.

பேரவையில் வைத்த பிறகு அறிக்கை பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். அரசு நிறுவனங்கள் பற்றியது என்றால் பொது நிறுவனங்கள் குழுவுக்கு. அங்கே துறைச் செயலரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பார்கள். பக்கத்தில் மாநிலக் கணக்காயர் இருந்து உறுப்பினர்களுக்கு எடுத்துக்கொடுப்பார். மக்களவையில் 1967 முதல் பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சிக்காரர் தலைமை தாங்குவது மரபு. தணிக்கைக்குப் பல் இருக்கிறது என்றால் அது இந்த அறையில்தான் இருக்கிறது. குழு கூடாவிட்டால் பல்லும் இல்லை.

தப்பு செய்தவர் மீது வழக்குப் போட, பணத்தைப் பிடிக்க ஏஜியால் முடியாதா?

முடியாது. அவர் எழுதுவார், அவ்வளவுதான். பிடித்தம் செய்வது துறை. வழக்குப் போடுவது லஞ்ச ஒழிப்புத் துறை அல்லது சிபிஐ.

இதன் பலமும் பலவீனமும் பீகார் மாட்டுத் தீவன ஊழலில் தெரிந்தது. கால்நடைத் துறைக்குப் பட்ஜெட்டில் ஒதுக்கியதைவிடப் பல மடங்கு பணம் கருவூலங்களிலிருந்து வருடக்கணக்கில் போலி பில்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒதுக்கீட்டை மீறிய செலவு தணிக்கைக் கணக்குகளில் இருந்தது. கணக்குகள் தாமதமாக வருவது பற்றி 1985இலேயே சிஏஜி எச்சரித்தார். யாரும் அசையவில்லை. 1996 ஜனவரியில் சாய்பாசாவில் துணை ஆணையர் அமித் கரே கால்நடைத் துறை அலுவலகங்களில் சோதனை நடத்திய பிறகுதான் விஷயம் வெடித்தது. சுமார் 950 கோடி ரூபாய். தணிக்கை எழுதிய காகிதமும், அதை எடுத்துக்கொண்டு கதவைத் தட்ட ஒரு மனிதரும், இரண்டும் வேண்டியிருந்தது.

ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, கோயில், கூட்டுறவுச் சங்கம் இவற்றையும் ஏஜிதான் பார்க்கிறாரா?

அன்றாடத் தணிக்கை அவருடையதில்லை. இங்கேதான் மாநில அரசே நியமிக்கும் தணிக்கையாளர்கள் வருகிறார்கள். உள்ளாட்சி அமைப்புகளையும் பல்கலைக்கழகங்களையும் நிதித்துறையின் கீழுள்ள உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை பார்க்கிறது. அதற்கு 2014இல் தனிச் சட்டமே வந்தது. கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கூட்டுறவுத் தணிக்கைத் துறை. கோயில் கணக்குக்கு அறநிலையத் தணிக்கையாளர்கள். ஏஜி அலுவலகம் உள்ளாட்சித் தணிக்கைக்குத் தொழில்நுட்ப வழிகாட்டுதல் தருகிறது, சிலவற்றை நேரடியாகவும் பார்க்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்துக்குக் கிராம சபையில் நடந்த சமூகத் தணிக்கை வேறு வகை. அங்கே ஆடிட்டர் நீங்கள்தான்.

இந்த வழக்கம் நமக்குப் புதிதில்லை. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசும்போது குடவோலையை மட்டும் பேசுவோம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. அவரது நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாதாம். இன்றைய சட்டத்தில் அத்தை மகன், சித்தி மகன் வரைக்கும் போக யாருக்கும் தைரியம் வராது.

டாஸ்மாக், மின்வாரியம், போக்குவரத்துக் கழகம்?

இவை கம்பெனிகள். வருடக் கணக்கைச் சான்றளிப்பது தனியார் பட்டயக் கணக்காளர் நிறுவனம்தான். ஆனால் அந்த நிறுவனத்தை நியமிப்பது சிஏஜி. 2013 கம்பெனிச் சட்டம் 139(5)இன்படி நிதியாண்டு தொடங்கிய 180 நாளுக்குள் நியமிக்க வேண்டும். அவர்கள் அறிக்கை வந்த 60 நாளுக்குள் சிஏஜி தன் பங்குக்குத் துணைத் தணிக்கை செய்து கருத்துச் சொல்லலாம்.

இந்த வேலைக்குப் போக என்ன படிக்க வேண்டும்?

ஏஜி அலுவலகம் என்றால், பட்டப்படிப்பு முடித்து எஸ்எஸ்சி நடத்தும் சிஜிஎல் தேர்வு எழுதலாம். ஆடிட்டர், உதவித் தணிக்கை அதிகாரி இரண்டும் அதில் வரும். உள்ளே போன பிறகு எஸ்ஏஎஸ் என்ற துறைத் தேர்வு ஒன்று இருக்கிறது, அதில் தேறினால்தான் மேலே போக முடியும். மாநிலத் தணிக்கைத் துறைகளுக்கு டிஎன்பிஎஸ்சி. உள்ளாட்சி நிதித் தணிக்கை உதவி ஆய்வாளர், அறநிலையத் தணிக்கை ஆய்வாளர் பணியிடங்கள் குரூப்-2 தொகுதியில் வருபவை. வணிகவியல் படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைத்து ஒதுங்க வேண்டாம். எனக்குத் தெரிந்த கூர்மையான ஆடிட்டர் ஒருவர் தாவரவியல் படித்தவர்.

சாதாரண ஆள் இந்த அறிக்கைகளைப் படிக்க முடியுமா?

பேரவையில் வைத்த பிறகு சிஏஜி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதற்கு முன் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் சட்டமன்ற உரிமையைக் காரணம் காட்டி மறுப்பார்கள்.

புதிதாகப் படிப்பவர்கள் மாநில நிதிநிலை பற்றிய தொகுதியில் தொடங்காதீர்கள், தூக்கம் வரும். உங்களுக்குத் தெரிந்த மருத்துவமனை, பாலம், விடுதி பற்றிய பத்தியைத் தேடி எடுங்கள். ஒவ்வொரு பத்தியின் கடைசியிலும் அரசு என்ன பதில் சொன்னது என்று இருக்கும். அதை முதலில் படியுங்கள். சில இடங்களில், விஷயம் அரசின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது, பதில் எதிர்நோக்கப்படுகிறது என்று மாதமும் வருடமும் போட்டு எழுதியிருப்பார்கள். பென்சிலால் அந்தத் தேதியின் கீழே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.